ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்புளோரர் வரைபடம்: இங்கிலாந்தில் நடக்கப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் பலர். சித்திரை வெயில் ஏறும்போது கிளம்பி, ஆடி பிறப்பதற்குள் திரும்புகிற கணக்கு. லண்டன் பார்க்க ஒரு வாரம் போதும். மீதி நாளில் மகனோ மருமகளோ "வாங்க, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்" என்று குன்று, அருவி, கடலோரம் என்று கூட்டிப் போவார்கள். அந்த நடைக்கு மிகவும் உதவுகிற பொருள் ஆரஞ்சு அட்டை போட்ட ஒரு காகித வரைபடம். வாங்கலாமா என்று கேட்டால் எங்கள் பதில்: கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஆர்ட்னன்ஸ் சர்வே 1791ல் ராணுவத் தேவைக்காகத் தொடங்கிய நில அளவை நிறுவனம். அதன் எக்ஸ்புளோரர் தொடர் 1:25,000 அளவில் அச்சாகிறது. தரையில் 1 கி.மீ. என்றால் தாளில் 4 செ.மீ. தாளெங்கும் மெல்லிய நீலக் கட்டங்கள் இருக்கும், ஒரு கட்டத்தின் பக்கம் சரியாக 1 கி.மீ. இதே நிறுவனம் இளஞ்சிவப்பு அட்டையில் லேண்ட்ரேஞ்சர் என்று இன்னொரு தொடரும் போடுகிறது. அது 1:50,000. கார் ஓட்டவும் சைக்கிள் மிதிக்கவும் அது நல்லது, நடக்கிறவருக்குப் போதாது. காரணம் அளவு மட்டுமில்லை. லேண்ட்ரேஞ்சரில் வயல் எல்லைகள் கிடையாது. எக்ஸ்புளோரரில் ஒவ்வொரு வயலின் கல்சுவரும் வேலியும் மெல்லிய கறுப்புக் கோடாக இருக்கும். நிலம் வாங்கும்போது எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தகம்) படத்தை விரித்துப் பார்த்துப் பழகியவருக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு மலைப் பிரதேசம் முழுவதற்கும் எஃப்.எம்.பி. எடுத்து ஒரே தாளில் ஒட்டிய மாதிரி. "மூன்றாவது சுவரைத் தாண்டி இடக்கைப் பக்கம்" என்று எண்ணிக்கொண்டே போகலாம். புல்வெளியில் பாதையே கண்ணுக்குத் தெரியாத இடங்களில் அந்தச் சுவர்கள்தான் வழிகாட்டும்.

அங்கே நடைபாதை என்பது சட்டப்படியான உரிமை. இதுதான் இந்த வரைபடத்தின் உயிர். நம் பக்கம் வரப்பில் நடப்பது வழக்கம், யாரும் தடுக்கவும் மாட்டார்கள், யாரும் எழுதி வைக்கவும் இல்லை. இங்கிலாந்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுவழிகளை உள்ளாட்சி மன்றங்கள் ஆவண வரைபடமாகவே பதிந்து வைத்திருக்கின்றன. தனியார் வயலின் நடுவே, சில இடங்களில் பண்ணை வீட்டு முற்றத்தை ஒட்டியே பொதுவழி போகும். அதில் நடக்க யாரிடமும் கேட்க வேண்டாம். அதை விட்டு இருபது அடி விலகினால் அத்துமீறல். எக்ஸ்புளோரர் இந்தப் பொதுவழிகளைப் பச்சை நிறத்தில் காட்டுகிறது. குட்டையான பச்சைக் கோடுகள் தொடர்ந்து வந்தால் நடக்கிறவருக்கு மட்டும். நீளமான பச்சைக் கோடுகள் என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். பச்சை வைரப்புள்ளிகள் நெடுந்தூரப் பாதைக்கு. இதோடு, 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட மேட்டுநிலங்கள் வெளிர்மஞ்சள் பூச்சோடு இருக்கும். அங்கே பாதையை விட்டு விலகியும் காலால் நடக்கலாம்.

அதிகம் பேர் தடுமாறுவது கறுப்புக் கோட்டில். கறுப்பில் விட்டுவிட்டு வரும் கோடு, தரையில் ஒரு தடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதில் நடக்க உரிமை இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பச்சைக் கோடு நேர்மாறு. உரிமை நிச்சயம் உண்டு, ஆனால் தரையில் தடம் இருக்க வேண்டிய அவசியமில்லை. கறுப்பும் பச்சையும் சேர்ந்து ஓடினால் நிம்மதி. பச்சை மட்டும் இருந்தால் திசைகாட்டியையோ வயல் மூலையையோ பார்த்துப் போக வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு வரும் கோடு நில உரிமையாளர் மனமுவந்து விட்ட வழி. அவர் நினைத்தால் மூடலாம். கைப்பேசியில் எல்லோரும் பார்க்கிற சாதாரண வரைபடங்களில் இந்த வேறுபாடு தெரியாது. அதை நம்பிப் போய் பூட்டிய கேட்டின் முன் நிற்பவர்கள் நிறைய. தரையில் உறுதி செய்ய, கம்பங்களில் அம்புக்குறி பார்க்கவும்: மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரைப்பாதை. ஓக் மரத்து விதைப் படம் இருந்தால் அது தேசிய நெடும்பாதை.

சோதித்துப் பார்க்க நல்ல தாள் ஓ.எல். 2 (எக்ஸ்புளோரர் தாளின் எண்). யார்க்‌ஷயர் டேல்ஸ் என்ற வட இங்கிலாந்துப் பள்ளத்தாக்குப் பிரதேசத்தின் தென், மேற்குப் பகுதிகள் இதில் வருகின்றன. மால்ஹம் கிராமத்தைச் சுற்றி ஏறக்குறைய 8 கி.மீ. வட்டமாக ஒரு நடை உண்டு, இங்கிலாந்தின் இயற்கை அழகுகளில் நான்கைந்தை ஒரே அரை நாளில் காட்டிவிடும். கிராமத்திலிருந்து தெற்கே கிளம்பி, ஓடையோரமாகக் கிழக்கே திரும்பினால் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சிறு அருவி. மரநிழல், பாசி படிந்த பாறை, குளம் மாதிரி தேங்கிய தெளிந்த நீர். தாண்டிப் போனால் கார்டேல் ஸ்கார். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை சுவராக எழும்ப, உள்ளே அருவி விழுகிற இடுக்கு. முதலில் பள்ளத்தாக்கு அகலமாக இருக்கும், ஒரு வளைவு திரும்பியதும் பாறைகள் இரண்டு பக்கமும் நெருங்கித் தலைக்கு மேல் வந்து நிற்கும். அந்தத் திருப்பத்துக்காகவே போகலாம்.

இங்கேதான் வரைபடத்தை நம்பிக் கண்ணை மூடக் கூடாது. பச்சைக் கோடு நேராக அந்த இடுக்குக்குள் நுழைந்து மேலே போகிறது. பொதுவழிதான், சட்டப்படி சரி. ஆனால் தரையில் அது அருவி ஓரத்துப் பாறையில் கையும் காலும் வைத்து ஏறுகிற வழி. மழைக்குப் பிறகு நீர் பெருகியிருந்தால் ஏறவே கூடாது. இறங்குவது ஏறுவதைவிட மோசம். சமதரைக் கோட்டையும் செங்குத்துப் பாறையில் ஏறும் கோட்டையும் இந்த வரைபடம் ஒரே மாதிரிதான் போடுகிறது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்கப் பின்னணியைப் பார்க்க வேண்டும். பழுப்புச் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றனவா, நடுவில் கறுப்புப் பாறைக் கீறல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பச்சைக் கோடு வயதானவர்களுக்கு ஆகாது. ஸ்காரை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, வந்த வழியே கார்டேல் பாலத்துக்குத் திரும்புங்கள். அங்கிருந்து மேற்கே வயல்கள் வழியாக இன்னொரு பச்சைக் கோடு, மால்ஹம் கோவின் உச்சிப் பக்கம் கொண்டு சேர்க்கும்.

மால்ஹம் கோவ் சுமார் 80 மீ. உயரமுள்ள, உள்வாங்கி வளைந்த சுண்ணாம்புப் பாறைச் சுவர். கடைசிப் பனியுகத்தின் முடிவில் உருகிய நீர் இதன் மேலிருந்து அருவியாகக் கொட்டியது. இன்று மேலே ஆறு இல்லை. நீரெல்லாம் நிலத்தடியில் போகிறது. 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் மழையின்போது மட்டும் சிறிது நேரம் உச்சியிலிருந்து அருவி விழுந்தது. வரைபடத்திலேயே இந்தக் கதையைப் படிக்கலாம். வடக்கே மால்ஹம் டார்ன் ஏரியிலிருந்து வரும் நீலக்கோடு சிறிது தூரம் ஓடி, வாட்டர் சிங்ஸ் (நீர் நிலத்துக்குள் மறையும் இடம்) என்று எழுதிய இடத்தில் நின்றுவிடும். கோவின் அடியில் வேறொரு நீலக்கோடு தொடங்கும். பார்க்கிறவர் அதே நீர்தான் என்று நினைப்பார். சாயம் கலந்து பார்த்தபோது இரண்டும் வேறு வேறு ஓடைகள் என்று தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வறண்ட பள்ளத்தாக்கின் வழியாகப் போகும் பச்சை வைரப்புள்ளிகள் 1965ல் திறந்த பென்னைன் வே என்ற நெடுந்தூரப் பாதை.

கோவின் உச்சியில் பாறை பாளம் பாளமாக வெட்டுண்டு கிடக்கும். பாளங்களுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கும் மேலாக இடுக்குகள், உள்ளே பெரணிச் செடிகள். பல பாளங்கள் நடந்து நடந்து வழவழப்பானவை. மழை ஈரத்தில் இங்கேதான் கால் பிசகும். ஈரமாக இருந்தால் பாளங்களின் மேல் தாவித் தாவிப் போகாமல் ஓரத்துப் புல்தரையில் சுற்றிப் போவது நல்லது. இறங்க ஏறக்குறைய 400 கல்படிகள். முழங்கால் நோகிறவர்கள் கிராமத்திலிருந்து கோவின் அடிவாரத்துக்கு மட்டும் போய்வரலாம். அது ஏறக்குறைய சமதரைப் பாதை, கீழிருந்து பார்க்கும்போதுதான் அந்தச் சுவரின் முழு உயரமும் தெரியும். கார் இல்லாதவர் ஸ்கிப்டன் ரயில் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். பஸ் அரிது. திரும்பும் பஸ்ஸின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு நடையைத் திட்டமிடுங்கள்.

நேரக் கணக்குக்கு 1892ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதியை இன்றும் பயன்படுத்துகிறார்கள். மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 10 மீ. ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். பாதையின் நீளத்தை ஒரு நூலை வளைத்து வைத்து அளந்து, 4 செ.மீ.க்கு 1 கி.மீ. என்று மாற்றுங்கள். ஏற்றத்துக்குச் சமஉயரக் கோடுகளை எண்ணுங்கள். இடைவெளி சமவெளித் தாள்களில் 5 மீ., மலைத் தாள்களில் 10 மீ.; எது என்று தாளின் ஓரத்து விளக்கப் பட்டியில் இருக்கும். மால்ஹம் நடைக்கு 200 மீ. ஏற்றம் என்று வைத்தால் இளவயதினருக்கு 2 மணி நேரம். ஐயா, ஆயாவோடு போகிறவர்கள் மணிக்கு 3 கி.மீ. என்று போட்டு 3 மணி நேரம் வையுங்கள். உட்கார, சாப்பிட, படம் பிடிக்க இன்னும் ஒரு மணி. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களுக்கு 8 கி.மீ. ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த நடை பெரும்பாலும் சாலையில். இங்கே சேறும் படியும் சரிவும் காலை வேறு விதமாகச் சோதிக்கும்.

வரைபடம் சொல்லாத விஷயங்களில் முதலாவது, வேலி தாண்டும் முறை. பச்சைக் கோடு வயல் எல்லையை வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று இருக்கும்: திறந்து மூடும் கேட்டாக இருக்கலாம், ஒருவர் மட்டும் நுழையும், முன்னும் பின்னும் ஆடும் கேட்டாக இருக்கலாம், காலைத் தூக்கி ஏறித் தாண்டும் மரப்படியாகவோ சுவரில் செருகிய கல்படியாகவோ இருக்கலாம். எது என்று தாளில் இருக்காது. மூட்டு வலி உள்ள ஆச்சிமார்களுக்கு இதுவே பெரிய தடை. பாதை எத்தனை எல்லைகளை வெட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் என்றால் அந்தப் பாதையின் நடைக்குறிப்பை வேறெங்காவது படித்துவிட்டுப் போங்கள். குதிரைப்பாதையில் இந்தக் கவலை இல்லை. குதிரை தாண்ட முடியாதென்பதால் கேட்டுகள்தான் இருக்கும். அதனால் வயதானவர்களுக்கு நீளமான பச்சைக் கோடுகளைத் தேர்ந்தெடுப்பது எளிய வழி. கேட்டுகளைத் திறந்தபடி கண்டால் திறந்தபடியும், மூடியபடி கண்டால் மூடியும் விட்டுப் போக வேண்டும்.

மாடுகளைப் பற்றியும் தாள் ஒன்றும் சொல்லாது. நம் ஊர் மாடு மனிதரோடு பழகியது. அங்கே கன்றோடு நிற்கும் பசுக்கூட்டம் வேறு. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல், வயலின் ஓரமாக, ஓடாமல், சுற்றிப் போங்கள். பயிர் நிற்கும் வயலில் பச்சைக் கோடு நடுவே போனால், குறைந்தது 1 மீ. அகலத்துக்கு விவசாயி வழி விட வேண்டும் என்பது சட்டம்.

மற்றத் தாள்களில் ஓ.எல். 25 (ஈஸ்ட்போர்ன், பீச்சி ஹெட்) லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு. செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகள் இதில். சீஃபோர்டு ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே கடலோரமாகவே நேரே போய்விடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். நடுவில் கக்மியர் ஆறு கடலில் விழுகிறது; முகத்துவாரத்தில் பாலம் இல்லை. தாளைப் பார்த்தால் நீலக்கோட்டைக் கடக்கும் பாதை உள்ளே எக்ஸீட் பாலத்தில்தான் இருப்பது தெரியும். அந்தச் சுற்று போக வர 4 கி.மீ.க்குக் குறையாது. இன்னொன்று: பாறையின் விளிம்பு சரிந்துகொண்டே இருக்கிறது, தாளில் அச்சான விளிம்பு பழையது. பாதை விளிம்புக்கு மிக அருகே இருந்தால் உள்பக்கமாக நகர்ந்து நடங்கள். கீழே கடற்கரையில் நடக்க நினைத்தால், வரைபடத்தில் உயர்நீர், தாழ்நீர் எல்லைக் கோடுகள் எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்று பாருங்கள். பாறை அடியைத் தொட்டபடி உயர்நீர்க் கோடு போனால், கடல் ஏற்றத்தின்போது அங்கே நிற்க இடமிருக்காது. ஏற்ற இறக்க நேர அட்டவணை இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

டர்டில் டோர் என்ற கடல் வளைவுப் பாறைக்கு ஓ.எல். 15. லல்வொர்த் கோவ் என்ற சிறு வளைகுடாவிலிருந்து மேற்கே அங்கே போகும் பாதை குட்டையானது, செங்குத்தானது, எப்போதும் கூட்டம். அந்த வளைகுடாவிலிருந்து கிழக்கே போகும் பச்சைக் கோடு சிவப்பில் 'அபாயப் பகுதி' என்று அச்சான நிலத்துக்குள் நுழையும். அது ராணுவத் துப்பாக்கிப் பயிற்சிக் களம். பெரும்பாலான வார இறுதிகளில் திறப்பார்கள், வேலை நாட்களில் மூடுவார்கள். தாள் அபாயத்தைச் சொல்கிறது, நேரத்தைச் சொல்லவில்லை. சிவப்பு எழுத்தைப் பார்த்தால் அந்த நாளின் அறிவிப்பைப் பார்க்காமல் போகக் கூடாது.

ரயிலிலேயே போய் மலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓ.எல். 1. மான்செஸ்டர், ஷெஃபீல்டு இடையே உள்ள ஈடேல் நிலையத்தில் இறங்கி மாம் டோர் (517 மீ.) ஏறலாம். உச்சிக்கு அருகே கல் பாவிய பாதை. மலையின் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருப்பதால் அதன் அடியில் போன நெடுஞ்சாலையை 1979ல் கைவிட்டார்கள். உடைந்த தார்ச்சாலைத் துண்டுகளை இன்றும் நடந்து பார்க்கலாம். ஏரி மாவட்டத்துக்கு ஓ.எல். 4 முதல் 7 வரை நான்கு தாள். கேட்பெல்ஸ் (451 மீ.) குடும்பத்தோடு ஏறுகிற குன்று என்று சொன்னாலும், உச்சிக்குக் கீழே கை வைத்து ஏறும் பாறை உண்டு.

பொருளாக இந்தத் தாளின் குறைகளையும் சொல்ல வேண்டும். விரித்தால் சாப்பாட்டு மேஜை அளவு. காற்றடிக்கும் குன்றில் விரிக்கவே முடியாது. பல ஓ.எல். தாள்கள் இரண்டு பக்கமும் அச்சானவை, உங்கள் பாதை சரியாக விளிம்பில் விழுந்தால் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். மடிப்பு முனைகளில்தான் முதலில் கிழியும். சாதாரணக் காகிதம் மழையில் ஒரே நாளில் கூழாகிவிடும். இதற்காகவே ஆக்டிவ் என்று பிளாஸ்டிக் பூசிய பதிப்பு விற்கிறார்கள். அது நனையாது, ஆனால் கனம், விலையும் கூட. ஒரு நடைக்கு மட்டும் வாங்குகிறவர்களுக்குச் சாதாரணத் தாளே போதும். வீட்டிலேயே தேவையான பகுதி மேலே வரும்படி மடித்து, ஜிப் வைத்த தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். ஹார்வி என்ற நிறுவனத்தின் தாள்கள் இயல்பிலேயே நனையாதவை, இலேசானவை, ஆனால் எல்லா இடத்துக்கும் கிடைக்காது.

புதுத் தாளின் அட்டையில் சுரண்டும் பட்டை ஒன்று இருக்கும். அதன் அடியில் உள்ள எண்ணைப் போட்டால் அதே தாள் ஓ.எஸ். மேப்ஸ் செயலியில் இறங்கும். நீங்கள் நிற்கும் இடத்தைப் படத்தின் மேல் புள்ளியாகக் காட்டுவது பெரிய வசதி. பழைய தாளை மலிவாக வாங்கினால் அந்த எண் பயன்படுத்தப்பட்டிருக்கும், பொதுவழிகளும் மாறியிருக்கலாம். அச்சான ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். செயலி மட்டும் போதாதா என்றால், போதாது. பள்ளத்தாக்குகளில் சிக்னல் போகும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், நனைந்த திரையில் விரல் வேலை செய்யாது. வீட்டு வைஃபையில் படத்தை இறக்கி வைத்துக்கொண்டு, தாளையும் எடுத்துப் போங்கள்.

உடையில் ஒரு வார்த்தை. நம் கண்டாங்கி, பருத்தி வேட்டி, காட்டன் சட்டை எல்லாம் நம் வெயிலுக்கு ஆனவை. பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றில் உடல் சூட்டை இழுக்கும். பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, மேலே மழைச்சட்டை, பிடிப்புள்ள காலணி. சாப்பாட்டுக்குப் புளியோதரையும் மாவுருண்டையும் போல வேறில்லை. கெடாது, கசியாது, நடக்கும்போதே ஒரு வாய் போட்டுக்கொள்ளலாம்.

இருக்கும் இடத்தை எண்ணாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மால்ஹம் கோவுக்கு எஸ்.டி. 897 641. முதல் இரண்டு எழுத்து அந்தப் பெரிய சதுரத்தின் பெயர், தாளின் விளக்கப் பட்டியில் இருக்கும். பிறகு கிடையாகப் படியுங்கள்: நீங்கள் நிற்கும் கட்டத்தின் இடது கோட்டு எண் 89, அந்தக் கட்டத்தைப் பத்தாகப் பிரித்தால் ஏழு பங்கு, ஆக 897. பிறகு மேல்நோக்கி: கீழ்க்கோடு 64, அதில் ஒரு பங்கு, ஆக 641. இந்த ஆறு இலக்கம் 100 மீ. சதுரத்துக்குள் உங்களைக் காட்டிவிடும். கிடை எண் முதலில், மேல்நோக்கிய எண் பிறகு. மாற்றிச் சொன்னால் தேடுகிறவர்கள் வேறு மலைக்குப் போவார்கள். காலில் அடிபட்டு நகர முடியாமல் போனால் 999 அழைத்து முதலில் போலீஸ் என்றும், பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்றும் கேளுங்கள். இந்த எண்ணைச் சொல்லுங்கள். சிக்னல் இல்லையென்றால் விசிலை ஒரு நிமிடத்துக்கு ஆறு தரம் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊத வேண்டும்.